ஒட்டுக்கத்திக்கு முதல் தீட்டுக்கல்

மா ஒட்டு பிடிக்காமல் போனால், காரணம் சொல்ல நர்சரியில் ஆளுக்குப் பஞ்சமே இல்லை. குச்சி முற்றவில்லை என்பார் ஒருவர். கன்றில் சாறு ஓட்டம் இல்லை என்பார் இன்னொருவர். வெயில், காற்று, நாடா தளர்ந்துவிட்டது என்று பட்டியல் நீளும். கத்தியைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. தினமும் கையில் இருக்கிற பொருள்தானே, அது சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியை அடுத்த சந்தூர்ப் பகுதி, மாங்கன்று நர்சரிகளுக்குப் பேர்போனது. அங்கே ஒரு நர்சரியில் ஒரு பெண் பல வருடங்களாகப் பாக்கெட்டில் மண் நிரப்பும் வேலை பார்த்துவந்தார். இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவள் பத்தாம் வகுப்பு. மண் நிரப்பினால் நாள் கூலி. ஒட்டுக் கட்டினால் கன்றுக்கு இவ்வளவு என்று கூலி, கை வேகமாக ஓடினால் இரண்டு மடங்குகூட வரும். அதனால் பக்கத்தில் இருந்த மூத்த பெண்ணிடம் மென்தண்டு ஒட்டுக் கட்டக் கற்றுக்கொண்டார்.

கற்றுக்கொள்ள அதிக நாள் ஆகவில்லை. ஆனால் அந்த நர்சரியில் ஒரு கணக்கு உண்டு. கட்டிய கன்றுக்குக் கூலி கிடையாது, துளிர்த்த கன்றுக்குத்தான் கூலி. மூன்று வாரம் கழித்து எண்ணிப் பார்ப்பார்கள். கற்றுக்கொடுத்த அக்கா நூறு கட்டினால் எண்பத்தைந்துக்குக் குறையாமல் துளிர்த்தது. இவருக்கு அறுபதைத் தாண்டவில்லை. அதே தாய்மரத்துக் குச்சி, அதே கொட்டைக்கன்று, அதே நிழல்வலை, அதே பாலித்தீன் நாடா. இரண்டு முறை எண்ணிய பிறகு நர்சரிக்காரர் கோபப்படாமல்தான் சொன்னார்: "அடுத்த சீசனுக்குப் பழையபடி பாக்கெட்டு வேலைக்கே வந்துடும்மா. கன்னு வீணாப் போகுதில்ல."

பிள்ளையின் படிப்புக்கு என்று மனதில் ஒதுக்கி வைத்த பணம் அந்த நாற்பது கன்றுகளில் போய்க்கொண்டிருந்தது.

வெட்டு முகம் சொல்லும் சேதி

அக்கா சீவிப் போட்ட குச்சியையும் தான் சீவிய குச்சியையும் ஒருநாள் அந்தப் பெண் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அக்காவின் வெட்டு ஈரம் படிந்த கண்ணாடிபோல் பளபளத்தது. இவருடைய வெட்டில் பளபளப்பு இல்லை. அங்கங்கே வரி வரியாக இருந்தது. ஓரத்தில் பட்டை லேசாக விலகி, நார் பிசிறியிருந்தது.

ஒட்டு பிடிப்பதும் பிடிக்காததும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் கேம்பியம் என்ற வளர்திசு ஓடுகிறது. அது சில செல் அடுக்கு அளவே உள்ள மெல்லிய படலம். ஒட்டுக்குச்சியின் கேம்பியமும் கொட்டைக்கன்றின் கேம்பியமும் ஒன்றையொன்று தொட்டால்தான் இரண்டும் சேர்ந்து புதுத் திசு வளர்க்கும். கூரான கத்தி செல்களை அறுத்துக்கொண்டு போகும். மழுங்கிய கத்தி அவற்றை நசுக்கும். நசுங்கிய செல் செத்து, கறுத்து, இரண்டு முகத்துக்கும் நடுவில் ஒரு தடுப்பாக நின்றுவிடும். வெட்டு அலை அலையாக இருந்தால் ஓரிடம் தொடும், ஓரிடம் இடைவெளி விடும். எவ்வளவு இறுக்கி நாடா சுற்றினாலும் அந்த இடைவெளி முழுதாக மூடாது.

ஆப்பு வடிவச் சீவலை ஒரே இழுப்பில் முடிக்க வேண்டும் என்று சொல்வதும் இதற்காகத்தான். மழுங்கிய கத்தியில் ஒரே இழுப்பு வராது. இரண்டு மூன்று தடவை சீவ வேண்டிவரும். ஒவ்வொரு தடவையும் முகம் கோணும். அதற்குள் வெட்டும் காய ஆரம்பித்துவிடும்.

சந்தைச் சாணை

கோளாறு கத்தியில்தான் என்று தெரிந்ததும், ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளிச் சந்தைக்குப் போனபோது சைக்கிளில் சக்கரம் சுற்றிச் சாணை பிடிக்கிறவரிடம் கத்தியைக் கொடுத்தார். தீப்பொறி பறந்தது. திரும்பி வந்த கத்தி அன்றைக்கு நன்றாகவே வெட்டியது. மறுநாள் மத்தியானத்துக்குள் பழையதைவிட மோசமாகிவிட்டது. வாயோரத்தில் ஒரு விரல் நீளத்துக்கு நீலம் பாய்ந்திருந்தது.

சாணை பிடிப்பவர்மேல் குறை சொல்ல முடியாது. அரிவாள், மண்வெட்டி, கொடுவாள் போன்ற கனமான கருவிகளுக்கு அந்தச் சக்கரம் போதும். மெல்லிய கத்திக்கு அது ஒத்துவராது. வேகமாகச் சுற்றும் உலர்ந்த சக்கரத்தில் மெல்லிய வாய் நொடியில் சூடேறும். எஃகு நீல நிறம் காட்டினால், பதம் போய் மெதுவாகிவிட்டது என்று பொருள். அந்த இடம் எத்தனை முறை தீட்டினாலும் கூரை வைத்துக்கொள்ளாது. நீலம் பாய்ந்த பகுதி முழுவதும் தேய்ந்து போனால்தான் கீழே இருக்கும் நல்ல எஃகு வெளியே வரும்.

ஒட்டுக்கத்தி, சவரக்கத்தி, பேனாக்கத்தி போன்றவற்றைக் கையால், தண்ணீர் விட்டு, கல்லில்தான் தீட்ட வேண்டும். அப்படியானால் எந்தக் கல்?

எட்டாயிரம் நம்பர் ஆசை

மூத்த மகள் போனில் தேடிக் காட்டினாள். வெளிநாட்டுக்காரர் ஒருவர் சவரக்கத்தியை வரிசையாக ஐந்தாறு கற்களில் தீட்டி, கடைசியில் எட்டாயிரம் நம்பர் கல்லில் முடித்து, ஒரு தலைமுடியைத் தொங்கவிட்டு அறுத்துக் காட்டினார். 'அந்தக் கடைசிக் கல்தான் ரகசியம்' என்று தாய்க்கும் மகளுக்கும் தோன்றியது. விலையைப் பார்த்தால் பல நாள் கூலி. ஆனாலும் போகிற கன்றுக்கு இது மேல் என்று வாங்கத் துணிந்துவிட்டார்.

வாங்கும் முன் கேட்டுக்கொள்ளலாம் என்று போனது ஊரில் இருந்த ஒரு பெரியவரிடம். நாற்பது வருடம் முடிதிருத்தும் தொழில் செய்தவர். இப்போது கடையை மகன் பார்க்கிறார். பெரியவர் அரை ஏக்கரில் ராகியும் அவரையும் போட்டுக்கொண்டு இருக்கிறார். பிளேடு மாற்றும் கத்தி வருவதற்கு முன், சவரக்கத்தியைத் தானே தீட்டித் தானே பயன்படுத்தியவர். அவர் கத்தியை வாங்கி, வாயை வெளிச்சத்துக்கு நேராகத் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்மா, இது வெட்டுதா, கிழிக்குதா?"

"கிழிக்குது தாத்தா. அதான் எட்டாயிரம் நம்பர் கல்லு வாங்கலாம்னு இருக்கேன். போன்ல காட்டுறாங்க."

"வாயில்லாத கத்திய எட்டாயிரத்துல தேய்ச்சா கண்ணாடி மாதிரி மின்னும். மின்னுற மொட்டைக் கத்திய வெச்சிக்கிட்டு என்ன பண்ணப் போற?"

முதல் கல் வாங்கும் பலர் தடுக்கி விழுகிற இடம் இதுதான். நைஸான கல் கூரை உண்டாக்காது. ஏற்கெனவே இருக்கும் கூரை மெருகேற்றித்தான் தரும். கூரை உண்டாக்குவது அதற்கு முந்தைய கல்.

நம்பர் என்றால் என்ன?

கல்லின்மேல் போட்டிருக்கும் நம்பர், அதில் உள்ள துகளின் அளவைச் சொல்கிறது. நம்பர் ஏற ஏறத் துகள் சிறிதாகும். 1000 நம்பர் கல்லில் துகள் சுமார் 15 மைக்ரான் இருக்கும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 8000 நம்பரில் துகள் 2 மைக்ரானுக்கும் குறைவு. வேலையை வைத்துப் பார்த்தால் மூன்று பிரிவாகச் சொல்லலாம்.

முதலாவது, 200 முதல் 400 நம்பர் வரை. இது சொரசொரப்பான கல். வாய் உடைந்த, பல் விழுந்த கத்தியைச் சீராக்க உதவும். எஃகை அள்ளிக்கொண்டு போகும். ஒட்டுக்கத்தியைத் தினமும் இதில் போட்டால் இரண்டு சீசனில் கத்தியே மிஞ்சாது.

இரண்டாவது, 800 முதல் 1500 வரை. கத்தியின் இரண்டு பக்கமும் ஒரே கோட்டில் வந்து சந்திப்பது இந்தக் கல்லில்தான். கூர் பிறப்பது இங்கே.

மூன்றாவது, 3000-க்கு மேல். இது மெருகுக்கல். இரண்டாவது கல் விட்டுப்போன கீறல்களை ஆற்றும். சவரக்கத்திக்கு இது கட்டாயம் வேண்டும், இல்லையென்றால் முகம் எரியும். ஒட்டுக்கத்திக்கு இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் தோல்வாரை வைத்துச் சமாளிக்கலாம்.

அதனால் ஒரே ஒரு கல்தான் வாங்க முடியும் என்றால் அது 1000 நம்பர் கல். இன்னும் கொஞ்சம் காசு சேர்க்க முடியும் என்றால், ஒரு பக்கம் 1000, மறுபக்கம் 3000 முதல் 6000-க்குள் உள்ள இரட்டைக் கல். அதற்குமேல் முதல் வருடத்தில் செலவழிக்கத் தேவையில்லை.

ஹார்டுவேர் கடையில் 'கத்திக்குக் கல்' என்று கேட்டால் பெரும்பாலும் கறுப்பு அல்லது சாம்பல் நிறக் கார்பரண்டம் கல்லைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். மணலையும் கரியையும் மின் உலையில் பழுக்கக் காய்ச்சிச் செய்யும் சிலிக்கன் கார்பைடுதான் அது. 1891-ல் அமெரிக்காவில் எட்வர்ட் அச்செசன் கண்டுபிடித்தது. சென்னையில் 1954-ல் தொடங்கிய கார்பரண்டம் யுனிவர்சல் நிறுவனத்தின் பெயரே இதிலிருந்து வந்ததுதான். நல்ல கடினமான கல், விலையும் குறைவு. ஆனால் கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் இரட்டைக் கல்லில் இரண்டு பக்கமுமே சொரசொரப்புதான். 'நைஸ்' என்று எழுதியிருக்கும் பக்கம்கூட ஒட்டுக்கத்திக்கு முரடு. அரிவாளுக்கும் வீட்டுக் கத்திக்கும் அது போதும். ஒட்டுக்கத்திக்கு நம்பரைக் கேட்டு வாங்க வேண்டும். நம்பர் போடாத கல்லை முதல் கல்லாக வாங்கக் கூடாது.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

பெரியவர் கல்லை வாங்கும் முன் மூன்றைப் பார்க்கச் சொன்னார்.

முதலில் மட்டம். ஒரு ஸ்டீல் ஸ்கேலைக் கல்லின் மேல் நிமிர்த்தி வைத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். ஸ்கேலுக்கும் கல்லுக்கும் நடுவில் வெளிச்சம் கசிந்தால் கல்லில் மேடு பள்ளம் உண்டு. நீளவாக்கிலும், குறுக்கிலும், மூலைக்கு மூலையும் பார்க்க வேண்டும்.

அடுத்து அளவு. ஏழு, எட்டு அங்குல நீளமும் இரண்டு அங்குலத்துக்குமேல் அகலமும் இருந்தால் நல்லது. தீப்பெட்டி அளவுக் கல்லில் பழகாத கை கோணத்தை மாற்றிக்கொண்டே இருக்கும்.

மூன்றாவது, தண்ணீர்க் கல்லா, எண்ணெய்க் கல்லா என்பது. ஒட்டுக் கட்டுகிறவர்களுக்குத் தண்ணீர்க் கல்தான் சரி. கத்தியில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டிக்கொண்டிருந்தால் அது வெட்டு முகத்திலும் படியும். ஒட்டுக்கு அது ஆகாது. அதோடு, ஒருமுறை எண்ணெய் குடித்த கல்லில் பிறகு தண்ணீர் சரியாக வேலை செய்யாது. வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெய் ஊற்றினால் நாளடைவில் கல் பிசுபிசுத்து அடைத்துக்கொள்ளும்.

"ரொம்ப வெலையான கல்லு நல்லா இருக்காதா தாத்தா?"

"நல்லாத்தான் இருக்கும். கை பழகின பெறகு நல்லா இருக்கும். பழகற வரைக்கும் எந்தக் கல்லையும் நீ கோணலாத்தான் தேய்க்கப் போற. அந்தக் கோணல மலிவான கல்லுல தேயேன்."

கல்லுக்கும் காசு இல்லை என்றால்

அந்தப் பெண்ணின் கையில் அன்றைக்கு இருந்தது கொஞ்சம்தான். கல்லுக்குச் சொல்லி அனுப்பினால் வந்து சேர நாளாகும். ஒட்டுக் கட்டும் வேலையோ நின்றுவிடவில்லை. அதற்கும் பெரியவரிடம் வழி இருந்தது. பெயின்ட் கடையில் 'வாட்டர் பேப்பர்' என்று கிடைக்கும் தண்ணீர் உப்புத்தாள். கார், பீரோவுக்குப் பெயின்ட் அடிப்பவர்கள் தேய்ப்பார்களே, அதுதான். 1000-ல் ஒரு தாள், 2000-ல் ஒரு தாள். தாளின் நம்பரும் கல்லின் நம்பரும் ஒரே அளவுகோல் அல்ல என்றாலும், இந்த வேலைக்கு இந்த இரண்டும் போதும். இரண்டும் சேர்த்து ஒரு நாள் கூலியில் சிறு பங்குகூட ஆகாது.

தாளைத் தண்ணீரில் நனைத்து, மட்டமான தரை ஓட்டின் மேலோ, தடித்த கண்ணாடி மேலோ, வழவழப்பான கடப்பா கல் துண்டின் மேலோ விரித்தால் அப்படியே ஒட்டிக்கொள்ளும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. தாளில் கத்தியை வாய் முன்னால் போகும்படி தள்ளினால் தாள் அறுந்துவிடும். முதுகு முன்னால் போக, வாய் பின்னால் இழுபட்டு வரவேண்டும்.

தாள் சீக்கிரம் தேயும், அடிக்கடி மாற்ற வேண்டும். வருடக் கணக்கில் பார்த்தால் கல்லே மலிவு. ஆனால் முதல் ஒரு மாதத்துக்கு, தீட்டுவது என்றால் என்ன என்று கை தெரிந்துகொள்வதற்கு, இதைவிடக் குறைந்த செலவில் வேறு வழி இல்லை. பனையேறிகள் பாளை சீவும் அரிவாளை மரப்பலகையில் வெள்ளைக்கல் பொடி தூவித் தீட்டுவார்கள். மட்டமான அடிப்பரப்பு, அதன்மேல் ஒரே சீரான துகள் என்ற கணக்குதான் அங்கும் இங்கும்.

தீட்டும் முறை

அந்தப் பெண்ணின் கத்தி ஒருபக்கச் சரிவு உள்ளது. வாயின் ஒரு பக்கம் சரிந்திருக்கும், மறுபக்கம் தட்டை. ஒட்டுக்கத்திகளில் இந்த வகை அதிகம். இதைத் தீட்டும் ஒழுங்கு இப்படி:

கல்லைத் தண்ணீரில் ஊறப் போட வேண்டும். குமிழி நிற்கும் வரை, சுமார் பத்து நிமிடம். சில வகைக் கல்லுக்கு மேலே தண்ணீர் தெளித்தாலே போதும், அட்டையில் போட்டிருக்கும். கல்லுக்கு அடியில் ஈரத்துணி மடித்துப் போட்டால் வழுக்காது. பிள்ளைகள் பக்கத்தில் இல்லாத இடமாகப் பார்த்து உட்கார வேண்டும்.

சரிவு முழுவதும் கறுப்பு மார்க்கரால் பூச வேண்டும். சரிவைக் கல்லின் மேல் படிய வைத்து நான்கு முறை தேய்த்து எடுத்துப் பார்க்க வேண்டும். மை எங்கே அழிந்திருக்கிறதோ அங்கேதான் கல் தொடுகிறது. வாயோரத்தில் மை அப்படியே இருந்தால் கத்தி படுத்துக்கிடக்கிறது, முதுகைக் கொஞ்சம் தூக்க வேண்டும். வாயோரத்தில் மட்டும் அழிந்திருந்தால் அதிகம் தூக்கியாயிற்று, கொஞ்சம் இறக்க வேண்டும். சரிவு முழுதும் ஒரே சீராக அழியும் கோணமே அந்தக் கத்திக்கு உரியது. ஒரு மலிவான மார்க்கர் செய்யும் இந்த உதவியை எந்த விலையுயர்ந்த கல்லும் செய்யாது.

கோணம் பிடிபட்டதும் வாய் முன்னால் போகும்படி தள்ளி, அழுத்தாமல் பின்னால் இழுத்து, கல்லின் முழு நீளத்துக்கும் தேய்க்க வேண்டும். சேறுபோல் வரும் கறுப்புத் தண்ணீரைக் கழுவிவிடக் கூடாது. அதுவும் வேலை செய்யும்.

எப்போது நிறுத்துவது? தட்டைப் பக்கத்தில் விரலை வைத்து, முதுகிலிருந்து வாயை நோக்கி, வாய்க்கு வெளியே வழித்துப் பார்க்க வேண்டும். வாய் நெடுக, மெல்லிய பிசிறு ஒன்று விரலில் உரசும். ஆரம்பத்திலிருந்து நுனி வரை அந்தப் பிசிறு இருந்தால்தான் கூர் பிறந்திருக்கிறது. பாதியில் இருந்து, பாதியில் இல்லை என்றால், இல்லாத இடத்தைத் தீட்டியாகவில்லை. விரலை வாயின் நீளத்துக்கு ஒருபோதும் ஓட்டக் கூடாது.

பிசிறு வந்ததும் கத்தியைத் திருப்பித் தட்டைப் பக்கத்தை முழுக்கக் கல்லில் படிய வைத்து மூன்று நான்கு முறை, எடை கொடுக்காமல் தேய்க்க வேண்டும். முதுகை ஒரு நூலளவுகூடத் தூக்கக் கூடாது. தூக்கினால் தட்டைப் பக்கத்திலும் ஒரு சரிவு விழுந்து, சீவல் நேராக வராது. பிறகு சரிவுப் பக்கம் இரண்டு, தட்டைப் பக்கம் ஒன்று என்று அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்தால் பிசிறு உதிர்ந்துவிடும்.

கடைசியாகத் தோல்வார். பழைய தோல் பெல்ட்டை ஒரு பலகையில் ஒட்டிக்கொண்டால் போதும். ரெக்சின் ஆகாது, தோலாக இருக்க வேண்டும். முதுகு முன்னால் போகும்படி ஒவ்வொரு பக்கமும் பதினைந்து இருபது முறை இழுக்க வேண்டும். வாய் முன்னால் போனால் தோலும் அறுபடும், கூரும் போகும். ஒட்டுக் கட்டும் இடத்திலேயே இந்தப் பலகையை வைத்துக்கொண்டு, ஐம்பது கன்றுக்கு ஒருமுறை இழுத்துக்கொண்டால், அன்றைக்கு முழுவதும் கல்லைத் தேட வேண்டியிருக்காது.

சோதித்துப் பார்க்கத் தாளும் வேண்டாம், முடியும் வேண்டாம். வேலைக்கு ஆகாத ஒரு மாங்குச்சியை ஒரே இழுப்பில் சீவ வேண்டும். முகம் பளபளவென்று, வரி இல்லாமல், பட்டை விலகாமல் இருக்க வேண்டும். இரண்டு சீவல்களை முகத்தோடு முகம் சேர்த்து வெளிச்சத்தில் பிடித்தால் இடையில் வெளிச்சம் தெரியக் கூடாது.

கல்லுக்கும் பராமரிப்பு உண்டு

தேய்க்கத் தேய்க்கக் கல்லின் நடுவில் குழி விழும். குழி விழுந்த கல்லில் தட்டைப் பக்கம் தட்டையாக நிற்காது. கல்லின் மேல் பென்சிலால் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, கண்ணாடி மேல் விரித்த 220 நம்பர் வாட்டர் பேப்பரில் தண்ணீர் விட்டுத் தேய்க்க வேண்டும். எல்லாக் கோடும் அழிந்தால் கல் மட்டமாகிவிட்டது. நடுவில் கோடு மிச்சம் இருந்தால் குழி இன்னும் இருக்கிறது. ஒட்டுக் கட்டும் காலத்தில் வாரம் ஒருமுறை இதைச் செய்தால் வேலை சுருக்கமாக முடியும்.

தீட்டிய கத்தியை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துவிட வேண்டும். சீசன் முடிந்து எடுத்து வைக்கும்போது மட்டும் மெல்லிசாக எண்ணெய் தடவலாம். மறுபடி எடுக்கும்போது சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்த பிறகே குச்சியைத் தொட வேண்டும்.

அப்பாவின் சவரக்கத்தி வீட்டில் இருந்தால்

பல வீடுகளில் தாத்தா, அப்பா வைத்திருந்த மடக்குச் சவரக்கத்தி பெட்டிக்குள் கிடக்கும். அதைத் தீட்டிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கும் முதல் கல் இதே 1000 தான். இரண்டு வித்தியாசம் உண்டு. ஒன்று, சவரக்கத்தியில் கோணம் தேட வேண்டியதே இல்லை. அதன் தடித்த முதுகும் வாயும் ஒருசேரக் கல்லில் படிய வேண்டும். முதுகின் தடிமனே கோணத்தைக் காத்துக்கொடுக்கும். இரண்டு பக்கமும் சம எண்ணிக்கையில் தேய்க்க வேண்டும். இன்னொன்று, 1000-த்தோடு நிறுத்த முடியாது. 3000 முதல் 5000-க்குள் ஒன்று, அதன்பின் 8000, பிறகு தோல்வார் என்று போனால்தான் முகத்தில் வைக்க முடியும். எட்டாயிரத்துக்கு வேலை வருவது இங்கேதான், அதுவும் கடைசியில்தான்.

அந்தக் கத்தி ஒருவருக்கு மட்டுமே உரியதாக இருக்க வேண்டும். ஒருவருக்குப் பட்ட கத்தி இன்னொருவருக்குப் பட்டால் மஞ்சள் காமாலைக் கிருமியான ஹெபடைட்டிஸ் பி, சி, எச்.ஐ.வி. போன்றவை ரத்தத்தின் வழியாகப் பரவ வாய்ப்பு உண்டு. கடைகளில் ஆளுக்கொரு பிளேடு மாற்றுவது இதனால்தான். "என் கத்தி நல்ல கத்திதான். ஆனா காலம் சொன்னத கேட்டுக்கணும்" என்று பெரியவர் தன்னுடைய மூன்று கத்திகளையும் பெட்டியில் வைத்துவிட்டார்.

செடிக்கும் இது பொருந்தும். நோய் கண்ட மரத்தில் குச்சி வெட்டிய கத்தியை ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைக்காமல் அடுத்த மரத்துக்குக் கொண்டு போகக் கூடாது. கத்தி எவ்வளவு கூராக இருந்தாலும் அது சுத்தத்துக்கு ஈடாகாது.

எண்ணிப் பார்த்தபோது

வாட்டர் பேப்பரில் தீட்டியபோது முதல் இரண்டு நாளும் அந்தப் பெண்ணுக்குக் கத்தி சரியாக அமையவில்லை. நீலம் பாய்ந்த பகுதி தேய்ந்து தீரவே இரண்டு சாயங்காலம் பிடித்தது. மூன்றாம் நாள் பிசிறு நெடுக வந்தது. அதற்குப் பிறகு கட்டிய முதல் நூறு கன்றில் எழுபத்தெட்டு துளிர்த்தது. அடுத்த நூறில் எண்பத்து நான்கு. முழுப் பெருமையையும் கத்திக்குக் கொடுத்துவிட முடியாது. இடையில் கை வேகமும் கூடியிருந்தது. இலைகளைக் காம்பு விட்டு நறுக்கி, ஒரு வாரம் பத்து நாள் கழித்துக் குச்சி எடுப்பதிலும் கவனம் வந்திருந்தது. ஆனால் சீவிய முகம் பளபளக்க ஆரம்பித்த பிறகுதான், பிடிக்காத கன்றுக்கு வேறு காரணம் தேடவே அவருக்குத் தைரியம் வந்தது. அதுவரை எந்தக் கன்று எதனால் போனது என்று பிரித்துச் சொல்லவே வழியில்லாமல் இருந்தது.

நர்சரிக்காரர் பாக்கெட் வேலையைப் பற்றி மறுபடி பேசவில்லை. அந்த மாதக் கூலியில் 1000, 3000 இரட்டைக் கல் ஒன்று வாங்கினார். பிள்ளையின் பள்ளிப் பணத்தை எடுத்து வைத்த பிறகு மிஞ்சியதில் வாங்கியது. கல்லைக் கொண்டுபோய்ப் பெரியவரிடம் காட்டியபோது, அவர் ஸ்கேல் வைத்துப் பார்த்து, மட்டம்தான் என்று தலையசைத்தார்.

"எட்டாயிரம் எப்ப தாத்தா வாங்கறது?"

"இது பாதி தேயட்டும். அப்புறம் வா, பேசலாம்."

நாளொன்றுக்கு ஐந்து நிமிடம் தேய்த்தால் நல்ல கல் பாதி தேயப் பல வருடம் ஆகும். அதற்குள் கை தானாகவே சொல்லிவிடும், அடுத்த கல் வேண்டுமா வேண்டாமா என்று.